காட்டிக்கொடுக்க மாட்டோம்!

தாமஸ் ஜெஃபர்சன் கனவு கண்டு எழுப்பிய வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கட்டடங்களைச் சென்ற வாரம் சுற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அதற்குள் குடிவந்த பிள்ளைகளைப் பார்ப்போம்.

1825 மார்ச் 7 அன்று வகுப்புகள் தொடங்கின. பயமுறுத்திப் படிக்கவைக்கும் பழைய கல்லூரி முறையில் ஜெஃபர்சனுக்கு நம்பிக்கை இல்லை. சிறு குற்றங்களை மாணவர்களே விசாரிக்கட்டும், அதற்குப் பொறுப்பான ஆறு பேரை ஆசிரியர்கள் பொறுக்கி எடுக்கட்டும் என்று விதி எழுதினார். அந்த விதி ஏட்டோடு நின்றது. வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திப் பண்ணை முதலாளிகளின் பிள்ளைகள். கீழ்ப்படிவது அடிமைகளின் வேலை என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். குடி, சூது, துப்பாக்கி எதற்கும் குறைவில்லை. மறு ஆண்டு அங்கே சேர்ந்த எட்கர் ஆலன் போ சூதாடிக் கடனாளியாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியேறினார். இவ்வளவு நடந்தாலும் கூடப் படிப்பவனுக்கு எதிராக ஒருவனும் வாய் திறக்க மாட்டான், அது மானக்கேடு. சாட்சி இல்லாத இடத்தில் விசாரணை எப்படி நடக்கும்?

1825 அக்டோபர் முதல் தேதி இரவு பதினான்கு மாணவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு புல்வெளிக்கு வந்து, ஐரோப்பியப் பேராசிரியர்கள் ஒழிக என்று கத்தினார்கள். தடுக்க வந்த எம்மெட், டக்கர் என்ற இரு பேராசிரியர்கள் மீது செங்கல்லும் தடியும் பாய்ந்தன. விடிந்ததும் 65 மாணவர்கள் ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். மன்னிப்புக் கடிதம் அல்ல; பழியைப் பேராசிரியர்கள் மேலேயே திருப்பிய கடிதம்!

அக்டோபர் 3 அன்று இன்னும் கட்டி முடியாத ரொடண்டாவில் நிர்வாகக் குழு கூடியது. முன்னாள் ஜனாதிபதிகள் இருவர், ஜெஃபர்சனும் மாடிசனும், முன்னால் அமர்ந்திருந்தார்கள். 82 வயது ஜெஃபர்சன் பேச எழுந்தார். தம் வாழ்வின் மிக வேதனையான நாள்களில் இது ஒன்று என்று தொடங்கியவருக்கு மேலே பேச வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். இன்னொரு உறுப்பினர் எழுந்து, குற்றவாளிகள் தாங்களே முன்வர வேண்டும் என்றார். வந்தார்கள். அவர்களில் ஒருவன் ஜெஃபர்சனின் உறவுக்காரப் பையன்.

அதன்பின் கட்டுப்பாடு இறுகியது. விடியலில் எழ வேண்டும், சாம்பல் நிறச் சீருடை அணிய வேண்டும், கையிலுள்ள பணத்தை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். பயன் பெரிதாக இல்லை. 1840 நவம்பர் 12 இரவு முகமூடி போட்டுத் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்த ஒருவனை அடையாளம் காண, சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் நெருங்கினார். அவன் அவரையே சுட்டான். இரண்டு நாளில் அவர் இறந்தார். இந்தத் தடவை மாணவர்களே கொலையாளியைத் தேடப் புறப்பட்டார்கள். பிடிபட்ட ஜோசப் செம்ஸ் பிணையில் வெளிவந்து, விசாரணைக்கு நிற்காமல் தப்பி ஓடினான்.

ஆனால் அந்த வளாகத்தில் எல்லாவற்றையும் பார்த்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். விறகும் தண்ணீரும் சுமந்த, அறை பெருக்கிய அடிமைகள். மாணவர்கள் கையால் அடிபட்டவர்களும் அவர்களே. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பரின் சாட்சியத்தை வர்ஜீனியா நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ‘மானம்’ பேசிய பிள்ளைகளுக்கு இது எவ்வளவு வசதி!

டேவிஸின் இடத்துக்கு வந்த ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர் (முன்பு தாக்கப்பட்ட டக்கர் அல்ல, வேறொருவர்) 1842 ஜூலை 4 அன்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேர்வெழுதும் ஒவ்வொருவனும், யாருடைய உதவியும் பெறவில்லை என்று தன் மானத்தின் மேல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கெட்டிக்கார யோசனை. அடுத்தவனைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. ஜெஃபர்சனின் விதியைக் கவிழ்த்த அதே வீம்பையே காவலுக்கு வைத்துவிட்டார். டேவிஸ் சிந்திய ரத்தத்தில்தான் இந்த நெறி பிறந்தது என்று சொல்வது வழக்கம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. தீர்மானம் பேசுவது தேர்வில் காப்பியடிப்பதைப் பற்றி. துப்பாக்கியைப் பற்றி அல்ல. 1845-லேயே மறுபடி கலவரம் மூண்டு, குடிப்படையை அழைக்க வேண்டியதாயிற்று.

காலப்போக்கில் விசாரணை மாணவர்கள் கைக்கே வந்தது. நெடுங்காலம் அவர்கள் அறிந்த தண்டனை ஒன்றே: நிரந்தர வெளியேற்றம். அதையும் 2022-இல் மாணவர்களே வாக்களித்துத் தளர்த்தினார்கள்.

அடுத்த வாரம் வடக்கே போவோம். ஹார்வர்டில் கலகம் வெடித்தது சாப்பாட்டு மேசையில்.

(தொடரும்)