மெழுகுவத்தியும் ஐந்தில் ஒரு பங்கும்

தட்டில் நீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தியை ஏற்றி, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் சுடர் அணைகிறது. நீர் குவளைக்குள் ஏறுகிறது. இந்தச் சோதனைக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான ஃபைலோ இதை எழுதிவைத்திருக்கிறார். நெருப்பு காற்றை அழிக்கிறது, அது இருந்த இடத்துக்கு நீர் வருகிறது என்பது அவர் தந்த விளக்கம். காற்று என்று அவர் சொன்ன இடத்தில் ஆக்சிஜன் என்று மாற்றி, ஏறிய நீர் குவளையின் ஐந்தில் ஒரு பங்கு, காற்றில் ஆக்சிஜனும் அவ்வளவே என்றும் சேர்த்து இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பழைய பிழைதான் புதுப் பெயரில் தொடர்கிறது.

மெழுகு எரியும்போது ஆக்சிஜன் வெறுமனே மறைந்துபோவதில்லை. நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆனால் செலவான ஆக்சிஜனின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் கரியமில வாயு வந்து நிற்கிறது. அது நீரில் சட்டெனக் கரைவதில்லை. ஆக்சிஜன் முழுதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடரும் அணைந்துவிடுகிறது. நீரை ஏற்றுவதில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான். சுடரால் விரிந்த காற்றில் ஒரு பகுதி குவளைக்கு வெளியே போய்விடுகிறது. சில சமயம் விளிம்பில் குமிழிகளையே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. நீர் பெரும்பாலும் சுடர் அணைந்த பிறகு விரைந்து ஏறுவதே இதற்குச் சாட்சி. ‘ஐந்தில் ஒரு பங்கு ஏறத்தானே செய்கிறது?’ என்று கேட்கலாம். சில குவளைகளில் ஏறும். மூன்று மெழுகுவத்திகளை வைத்தால் இன்னும் உயரமாக ஏறும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதற்காகக் கூடிவிடவில்லையே.

காற்றிலுள்ள ஆக்சிஜனின் உண்மையான அளவு வேறு வழியில்தான் கிடைத்தது. பிரான்சின் லவாய்சியர் 50 கன அங்குலக் காற்றோடு பாதரசத்தை அடைத்து 12 நாள் சூடாக்கினார். குளிரவிட்டு அளந்தபோது காற்று 42, 43 கன அங்குலமாகக் குறைந்திருந்தது. பாதரசம் ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்புத் தூளாகிறது. ஈடாக வேறு வாயு எதுவும் வருவதில்லை. அந்தத் தூளைக் கடுமையாகச் சூடாக்கி, இழந்த 7, 8 கன அங்குல வாயுவைத் திரும்பவும் பெற்றார். போனதைத் திரும்ப எடுத்துக் காட்டியதால்தான் இதைச் சான்று என்கிறேன். இங்கிலாந்தின் கேவண்டிஷ் பல நாள்களில் எடுத்த காற்றைச் சோதித்து 1783இல் வெளியிட்ட முடிவிலிருந்து கிடைப்பது 20.83 விழுக்காடு. இன்றைய அளவு 20.95.

பாதரசம் நஞ்சு, வீட்டுக்கு மெழுகுவத்திதானே எளிது என்பதும் நியாயமான வாதமே. சூடான காற்று விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று காட்ட அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆக்சிஜனை அளக்க, துருப்பிடிக்கும் இரும்பு நாரை வினிகரில் நனைத்து, குவளையின் அடியில் திணித்து, நீரில் கவிழ்த்து ஒன்றிரண்டு நாள் விட்டுவையுங்கள். அங்கே சுடரும் இல்லை, கரியமில வாயுவும் இல்லை. துரு ஆக்சிஜனைத் தன்னுள் பிடித்துக்கொள்ள, நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நிற்கும்.