பன்னீர் திராட்சையின் குளிர்தேசத்துச் சொந்தம்

இந்த எபிசோடுக்கான கேள்வி, ராயப்பன்பட்டியில ஒரு திராட்சைப் பந்தலுக்கு அடியில நின்னப்போ வந்தது. தோட்டக்கார அண்ணன் ஒரு கொத்தைக் கையில குடுத்தார். கருநீல நிறம், உள்ளே விதை, மூக்குகிட்ட கொண்டுபோனா பன்னீர் வாசம். “இது எந்த ஊர்ப் பழம்ணே?”ன்னு கேட்டேன். “பிரெஞ்சு சாமியார் கொண்டாந்தது தம்பி”ன்னார்.

இது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சப்போ வந்த செய்திகளும் இதைத்தான் சொன்னது: 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். நம்பும்படியான கதைதான். பூசைக்குத் திராட்சை ரசம் வேணும். கத்தோலிக்கத் திருச்சபை விதிப்படி அது அசல் திராட்சையில் ஆனதா இருக்கணும். கப்பல்ல வர்ற பீப்பாயை நம்பிக் காத்திருக்கிறதுக்கு ஒரு கொடியை நட்டுடலாமே.

சிக்கல் இந்த ரகத்தோட பிறந்த தேதியில இருக்கு. பன்னீர் திராட்சைக்கு உலகம் வைத்த பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பெயர்ல ஜெர்மன் நகரம் இருந்தாலும், பிறந்தது இங்கிலாந்துல. பெட்ஃபோர்ட்ஷயரில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அப்போ, பிறக்குறதுக்கு 18 வருஷம் முன்னாடியே எப்படி இங்கே வந்துச்சு? பாதிரியார் கொண்டுவந்தது வேற ஏதோ கொடி, இது பின்னால வந்து பந்தலைப் பிடிச்சிருக்கணும். இது என் கணிப்பு மட்டும்தான்.

அந்த இரண்டு ரகங்கள் இன்னும் சுவாரஸ்யம். ஒண்ணு மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, மத்தியதரைக்கடல் வெயில்ல வளர்றது. வாசம் அங்கேயிருந்து வந்தது. இன்னொண்ணு ஸ்கியாவா க்ரோஸா. இங்கிலாந்தில் இதுக்குப் பெயர் பிளாக் ஹாம்பர்க். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட கொடி இன்னைக்கும் காய்க்குது. ஜெர்மனியின் வூர்ட்டெம்பர்க்கில் ட்ரோலிங்கர். ஆல்ப்ஸ் பக்கத்துக் குளிர்ல இதே ஸ்கியாவா குடும்பத் திராட்சையிலிருந்துதான் வெளிர் சிவப்பா, துவர்ப்பு கம்மியா, லேசா ஒரு வைன் வருது. அதைக் கொஞ்சம் சில்லுனுதான் குடிப்பாங்க. வட இத்தாலியின் தென் டிரோலில் ‘ஸ்பெக்’ என்கிற, புகையில் பதப்படுத்தின பன்றி இறைச்சியோடயும் ரொட்டியில் பிடிச்ச உருண்டையோடயும் வைப்பாங்க.

நம்ம சாப்பாட்டுக்கு? துவர்ப்பு ஏறின கனமான சிவப்பு வைன், மிளகாய் எரிச்சலைக் கூட்டும். இந்த லேசான வகை மட்டன் சுக்காவுக்குச் சரியா இருக்கும் என்பது என் கட்சி. சண்டைக்கு வர்றவங்க வரலாம்!

ஆனா அந்த வைன் கம்பத்துல வராது. குளிர்தேசத்துக் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். பழம் பழுக்கிறப்போ ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாத்தும். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வருது, கவாத்து பண்ணினா உடனே துளிர்க்குது, வருஷம் பூரா சந்தைக்குப் பழம் போகுது.

பழம் வைனா மாறாததுக்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. 1937-ல் சேலத்துல தொடங்கின மதுவிலக்கு, 1983-ல் வந்த டாஸ்மாக். முழுசா மூடுறது, இல்லேன்னா கவுன்ட்டர்ல பாட்டில் வாங்குறது. சாப்பாட்டோட ஒரு தம்ளர் வைன் என்ற பழக்கத்துக்கு நடுவுல இடமே விழலை. கிறிஸ்துமஸுக்குச் சில வீடுகள்ல ஜாடியில சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஊறவைக்கிறதோட சரி.

இதே பழத்துக்குச் சீனாவிலும் ‘ரோஜா வாசம்’னுதான் பெயர். பன்னீர்னு யார் இங்கே முதல்ல மோந்து பார்த்துச் சொன்னாங்களோ!

கிளம்பும்போது அண்ணன்கிட்ட 1850 கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். “அப்ப அந்தச் சாமியார் கொண்டாந்த கொடி எங்கப்பா போச்சு?”