வேட்டைத் துப்பாக்கிக்கு எந்த மருந்து? – ஒரு மாணவன் கேட்ட கேள்வி



சென்ற பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலரைப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோலாலம்பூர்ப் பழைய தொடர்வண்டி நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். 1910ஆம் ஆண்டு எழுந்த அந்த வெண்ணிறக் கட்டடத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். ஓராண்டுக்கு முன் முடிந்த ஜாமேக் பள்ளிவாசலும் அவர் கைவண்ணமே. அவருடைய தம்பி தியோடர் ஹப்பேக் மலாயாவில் பெயர்பெற்ற வேட்டைக்காரர் என்றும், யானை வேட்டையையும் காட்டெருது வேட்டையையும் பற்றி 1905ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதியவர் என்றும் பேச்சுவாக்கில் சொன்னேன்.

உடனே ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, யானையைச் சுடுவதற்கு எந்த வெடிமருந்து என்று எப்படித் தேர்ந்தெடுத்திருப்பார்கள்?" பக்கத்தில் நின்றவன் முந்திக்கொண்டான்: "இருப்பதிலேயே சக்தி அதிகமுள்ளதைப் போட்டிருப்பார்கள்!"

அன்று என்னிடம் சரியான விடை இல்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். படித்தபோது, இரண்டாமவன் சொன்ன விடைதான் அக்காலத்தில் பல துப்பாக்கிகளைச் சிதறடித்த தவறு என்று தெரிந்தது.

கருமருந்தின் காலம்

பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக்கு ஒரே மருந்துதான். நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கருமருந்து. அந்த வெடியுப்பில் பெரும்பங்கைப் பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றியது.

ஒரே மருந்தாக இருந்தாலும் அன்றும் தேர்வு இருந்தது. அது குருணையின் அளவைப் பற்றியது. பொடிக்குருணை விரைந்து எரியும். பெருங்குருணை மெல்ல எரியும். இதை வகுப்பில் விளக்க வெடிமருந்து வேண்டியதில்லை. ஒரு குவளை நீரில் சீனியையும் இன்னொரு குவளையில் கற்கண்டையும் போட்டுக் காட்டுங்கள். எடை ஒன்றுதான், ஆனால் நீர் படும் பரப்பு வேறு. அதனால் கரையும் நேரமும் வேறு. மருந்து எரிவதும் அப்படியே. கைத்துப்பாக்கிக்குப் பொடிக்குருணை, பெரும்பீரங்கிக்குப் பெருங்குருணை என்று பழையவர்கள் கண்டுவைத்தது இந்த உண்மையைத்தான்.

கருமருந்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே எஞ்சும். ஒரு பகுதி குழலில் கறையாகப் படியும். மற்றது வெண்புகையாக எதிரே நிற்கும். நம் நாட்டு மழைக்காட்டில் காற்று அசையாது. சுட்டவன் புகைக்கு இந்தப் பக்கம். காயம்பட்ட விலங்கு அந்தப் பக்கம். அது ஓடுகிறதா, தன்னை நோக்கி வருகிறதா என்பது புகை கலையும் வரை தெரியாது.

இடியாப்பம் போல் ஒரு மருந்து

1884ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான பால் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். 1889ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏபெல், டியூவர் என்ற இரு வேதியியலாளர் கார்டைட் என்னும் மருந்தைக் கண்டனர். முதல் கார்டைட்டில் 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். இவற்றை அசிட்டோன் விட்டுப் பிசைந்து, துளைகளின் வழியே இழை இழையாகப் பிழிந்தெடுப்பார்கள். நம் வீட்டு இடியாப்ப உரல் செய்யும் வேலைதான். கயிறு போன்ற அந்த இழைகளால்தான் கார்டைட் என்ற பெயரும் வந்தது.

1898ஆம் ஆண்டு லண்டன் ரிக்பி நிறுவனம் இம்மருந்துக்கென்றே யானை வேட்டைக்குரிய பெருந்தோட்டா ஒன்றை வெளியிட்டது. அதில் 70 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ நாலரை கிராம் கார்டைட் இருந்தது. தோட்டாக் கூட்டின் வடிவமோ பழைய கருமருந்துத் துப்பாக்கிகளுக்கு இருந்ததுதான். சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

கருமருந்துக்காக வடித்த குழலில் புது மருந்தைப் பழைய அளவுக்கு நிரப்பினால் குழல் தாங்காது, வெடித்துச் சிதறும். முகத்தருகே வைத்துச் சுடுபவனின் கண்ணும் கையும் போகும். ஆகவே பழைய துப்பாக்கிகளுக்கென்று மருந்தைக் குறைத்த தனித் தோட்டாக்கள் விற்கப்பட்டன. இங்கிலாந்தின் சோதனைக்கூடங்கள் ஒவ்வொரு குழலையும் சுட்டுப் பார்த்து முத்திரையிட்டன. சிலவற்றின் குழலடியில் எந்த மருந்து, எத்தனை கிரெய்ன், குண்டின் எடை எவ்வளவு என்பது வரை பொறித்திருப்பார்கள்.

அடுத்த சிக்கல் வெப்பம். இங்கிலாந்தின் குளிரில் அளந்து நிரப்பிய கார்டைட், வெயிலில் கிடந்து சூடேறினால் இன்னும் கூடுதலான அழுத்தத்தைத் தரும். வெறுங்கூடு குழலில் இறுகிக்கொள்ளும். எதிரே யானை நிற்க, துப்பாக்கியைத் திறக்க முடியாமல் ஒருவன் நிற்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்தின் அளவைச் சற்றே குறைத்துத் தோட்டாக்களைச் செய்தார்கள். வலிமையைக் குறைத்ததுதான் வேட்டைக்காரனின் உயிரைக் காத்தது.

மருந்தைச் செய்த கைகள்

இந்த மருந்து எங்கே செய்யப்பட்டது என்று தேடியபோது வழி தமிழ்நாட்டுக்கே போனது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903–04ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்திய அரசு கார்டைட் தொழிற்சாலையை நிறுவியது. அதற்கு மின்சாரம் தந்தது அருகிலுள்ள காட்டேரி அருவி. ஊட்டி மலைரயிலில் சென்றவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அந்தத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 முதல் இந்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது.

முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் அசிட்டோனுக்குப் பெரும் தட்டுப்பாடு. அப்போது மக்காச்சோளத்தை நுண்ணுயிரால் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையை வேதியியலாளர் வைஸ்மன் தந்தார். பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் அதிபரானவர் இவர்தான். 1917ஆம் ஆண்டு சோளத்துக்கும் தட்டுப்பாடு வரவே, அதற்கு மாற்றாகக் காட்டுச் செஸ்நட் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை பள்ளிப் பிள்ளைகளிடம் தரப்பட்டது. சாலையோரத்தில் குனிந்து கொட்டை பொறுக்கிய அந்தப் பிள்ளைகளை நினைத்தால் ஓர் ஆசிரியனாக என் மனம் கனக்கிறது.

கிள்ளானில் 1941

வேட்டைக்காரர் பலர் பயன்படுத்திய .303 தோட்டா, உண்மையில் படைக்கெனப் பிறந்தது. மானையும் பன்றியையும் வீழ்த்திய அதே தோட்டாதான் பிரிட்டிஷ் இந்தியப் படைவீரனின் இடுப்பிலும் இருந்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே மாதம் படை இறங்கியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். இறக்கப்பட்ட படையினர் இந்தியர். சுடப்பட்ட தொழிலாளரும் இந்தியரே.

எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து என்று அணு அணுவாக ஆராய்ந்த காலம் அது. எவர் மீது, எதற்காகச் சுடுகிறோம் என்ற கேள்விக்கு எந்தக் குழலிலும் முத்திரை இல்லை.

துப்பாக்கியைத் தாழ்த்தியவர்

இனி ஹப்பேக்கிடம் திரும்புவோம். யானையையும் காட்டெருதையும் தேடிச் சுட்ட அவரே பின்னாளில் அவற்றைக் காக்கப் போராடினார். மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பொறுப்பேற்று, 1932ஆம் ஆண்டு விரிவான அறிக்கை அளித்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின், 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்கா அமைந்தது. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இன்றைய தாமான் நெகாரா அதுவே.

மாணவனுக்கு என் விடை

பள்ளி திறந்ததும் அம்மாணவனிடம் சொன்னேன். "தம்பி, சக்தி மிகுந்த மருந்து நல்ல மருந்து அன்று. குழலின் வலிமை, குண்டின் எடை, கூட்டின் கொள்ளளவு, ஊரின் வெப்பம் எல்லாவற்றுக்கும் பொருந்தி எரிவதே நல்ல மருந்து." சில நாடுகளில் இன்றும் வேட்டைக்காரர்கள் உரிமத்தோடும் சட்டத்துக்கு உட்பட்டும் தோட்டாவைத் தாமே நிரப்புகிறார்கள். அவர்களும் ஊகத்தால் அளப்பதில்லை. மருந்து நிறுவனம் சோதித்து வெளியிட்ட அட்டவணையைத் தாண்டுவதில்லை. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் இவற்றைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. உரிமமின்றி இவற்றில் கைவைப்பது குற்றம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

பெற்றோர்களே, தீபாவளி நெருங்கினால் பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிக் "கூடுதல் சத்தம்" உண்டாக்கப் பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிடக் கூடாது. "தொடாதே" என்று அதட்டினால் பிள்ளை மறைவாகப் போய்த் தொடுவான். ஏன் கூடாது என்பதற்கு இந்த வரலாற்றைச் சொல்லிப் பாருங்கள்; சீனியையும் கற்கண்டையும் கரைத்துக் காட்டுங்கள். அவனே புரிந்துகொள்வான்.