காய்ச்சாத சாறு

மூலிகை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அடுப்பும் சட்டியுமே. எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சினாலன்றிக் குணம் இறங்காது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சீன வைத்தியரும் பெரும்பாலும் அவ்வாறே செய்துவந்தனர். மலேரியாவுக்கு மருந்து தேடியோருக்கு அந்தப் பழக்கமே ஒருகால் தடையாயிற்று.

1967ஆம் ஆண்டு. வியட்நாம் யுத்தகளத்திலே மலேரியா போர்வீரரை வீழ்த்திக்கொண்டிருந்தது. குளோரோகுவின் மருந்துக்கு நோய்க்கிருமி பணிய மறுத்தது. வட வியட்நாம் சீனாவின் உதவியை நாடிற்று. மே மாதம் 23ஆம் திகதி கூடிய கூட்டத்தையொட்டி "523" எனப் பெயர்பெற்ற இரகசிய முயற்சி தொடங்கியது. 1969இல் பெய்ஜிங் நகரத்துத் தூ யூயூ அம்மையார் அதிற் சேர்ந்தார். மருந்தியல் கற்ற அவர் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர். ஈராயிரம் பழைய மருந்து முறைகளை அவர் திரட்டினார்.

எலிகளிற் சோதித்த சாறுகளுள், சிங்ஹாவ் என்னும் செடியின் சாறு ஒருமுறை கிருமியை நன்கு அடக்கியது, மறுமுறை அடக்கவில்லை. முற்றாகத் தோற்றிருந்தாலாவது கைவிட்டிருக்கலாம்!

அம்மையார் மீண்டும் ஏடுகளைப் புரட்டினார். நாலாம் நூற்றாண்டிற் கோ ஹொங் எழுதிய அவசர சிகிச்சைக் கைந்நூலிலே, முறைக்காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்தும்படி கூறப்பட்டிருந்தது. அடுப்பைப் பற்றிப் பேச்சேயில்லை. வெப்பந்தான் மருந்தை அழிக்கின்றதோ என்ற ஐயம் பிறந்தது. 35 பாகை சென்ரிகிரேட்டிலேயே கொதித்துவிடும் ஈதரைக்கொண்டு இலைச்சத்தைப் பிரித்தார். நச்சுத்தன்மை வாய்ந்த அமிலப் பகுதியையும் நீக்கினார். 1971 ஒக்டோபர் 4ஆம் திகதி, 191ஆம் இலக்கச் சாறு எலிகளின் குருதியிலிருந்த கிருமிகளை முற்றாக ஒழித்தது.

ஏடே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று பூரிப்பது பொருந்தாது. சிங்ஹாவ் என வழங்கிய செடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் எது, எப்பருவத்து இலை என்பனவற்றை ஆய்வுகூடமே கண்டறிந்தது. அன்றியும், அச்சத்து நீரிற் கரைவதோ மிகச் சொற்பம். கோ ஹொங் செய்த பேருதவி அடுப்பைச் சந்தேகிக்க வைத்ததே என்பது என் எண்ணம்.

1972இல், நோயாளருக்குக் கொடுக்குமுன், அம்மையாரும் உடனுழைத்த இருவரும் அச்சாற்றைத் தாமே உட்கொண்டு பார்த்தனர். பின்னர் ஹைனான் தீவில் 21 நோயாளருக்குக் கொடுத்தபோது காய்ச்சல் தணிந்தது. அவ்வாண்டு நவம்பரிலே தூய படிகமாகக் கிடைத்த அச்சத்துத்தான் ஆர்ட்டெமிசினின். 2015இல் அம்மையாருக்கு நோபெல் பரிசு கிட்டியது.

இன்று அம்மருந்தை வேறொரு மருந்துடன் சேர்த்தே வழங்குகின்றனர். கம்போடியாவின் மேற்கெல்லையிலே கிருமி அதற்கும் மெல்ல மெல்லப் பணிய மறுக்கத் தொடங்கியது.