எட்டு வருஷம் பறந்தார், அப்புறம்?

மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

2015 பெருமழையில் நாங்க மாடியில் நின்னப்போ தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போச்சு. "இதைப் பொம்பளைங்க ஓட்டுவாங்களாம்மா?"ன்னு என் மகள் கேட்டாள். "அதெல்லாம் ஆம்பளைங்க வேலை"ன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது எவ்வளவு தப்புன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

குஞ்சன் சக்சேனா ராணுவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அண்ணனும் ராணுவத்தில் இருந்தவங்க. இவர் 1996-ல் விமானப்படையில் சேர்ந்தார். 1999-ல் கார்கில் போர் வந்தபோது ஜம்மு-காஷ்மீரில் உதம்பூரில் வேலை. அவரும், கேரளாவைச் சேர்ந்த ஸ்ரீவித்யா ராஜனும் போர்க்களத்துக்கு மேலே 'சீட்டா' என்ற சின்ன ஹெலிகாப்டரை ஓட்டினார்கள். அதில் துப்பாக்கி, குண்டு எதுவும் பொருத்தியிருக்காது. திராஸ், படாலிக் மலைகளில் சாமான் போடணும், எதிரி எங்கே இருக்கான்னு பார்த்துச் சொல்லணும், காயம்பட்ட வீரர்களைத் தூக்கி வரணும். 13,000 அடிக்கு மேலே காத்தே மெலிசா இருக்கும். அங்கே துளியூண்டு இடத்தில் இறக்கணும்.

இவ்வளவு செய்தவருக்கு 2004-ல் பணி முடிஞ்சுபோச்சு. திறமை குறைஞ்சதால் இல்லை. அப்போ பெண் பைலட்டுகளுக்குக் குறுகிய காலப் பணி மட்டும்தான். கூடப் பறந்த ஆண்களுக்கு நிரந்தரப் பணி இருந்தது.

முப்படைப் பெண் அதிகாரிகள் இதை விடலை. கோர்ட்டுக்குப் போனாங்க. 2010-ல் தில்லி உயர் நீதிமன்றமும், 2020-ல் உச்ச நீதிமன்றமும் பெண்களுக்கும் நிரந்தரப் பணி உண்டுன்னு தீர்ப்பு சொல்லின. ஷாலிஸா தாமி என்ற ஹெலிகாப்டர் பைலட் 2019-ல் ஒரு பறக்கும் பிரிவில் இரண்டாவது பொறுப்புக்கு வந்தார். 2023-ல் எல்லையோரப் பிரிவு ஒன்றுக்கே தலைமை ஏற்றார்.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கு. செங்கல்பட்டில் ரயில் ஏறினா அரக்கோணம். அங்கே ராஜாளி கடற்படைத் தளத்தில் பயிற்சி முடிச்ச அனாமிகா பி. ராஜீவ், 2024 ஜூன் 7-ம் தேதி கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் ஆனார்.

நம்ம குழுக்களிலும் இதேதானே? முதலில் பேங்க் படி ஏறின அக்காமார் எவ்வளவு பேச்சு கேட்டாங்க! ஒருத்தி உள்ளே போனா மட்டும் போதாது. பின்னாடி வர்றவளுக்கும் கதவு திறந்தே இருக்கணும். அதைக் கேட்டு வாங்கணும்.

என் மகள் பத்தாவது முடிச்சதும் "போதும், நிறுத்திடலாம்"னு வீட்டில் பேச்சு வந்தது. பைலட் ஆக பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேணுமாம். குழுக்கடன் வாங்கி அதே பிரிவில் சேர்த்திருக்கேன். அவள் பறப்பாளோ இல்லையோ தெரியாது. "அதெல்லாம் ஆம்பளைங்க வேலை"ன்னு இனிமே என் வாயில் வராது.