கண் திறக்க மறுக்கும் கார்கள்

ஸ்விட்சைப் போட்டதும் மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும் முகப்பு விளக்குகளைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பார்த்திருப்பீர்கள். அழகுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழாமல் போனால்? கார் கண்ணடிப்பது போல இருக்கும். பாதிச் சாலை இருட்டு!

இந்தக் கதை அமெரிக்காவின் கார்ட் 810-ல் தொடங்குகிறது. கார்டன் ப்யூரிக் வடிவமைத்த இந்தக் கார் 1935 நவம்பரில் நியூயார்க் கண்காட்சிக்கு வந்தது. விளக்கைத் தூக்க மோட்டார் கிடையாது. டாஷ்போர்டின் இரு முனைகளிலும் இருந்த கைப்பிடிகளைச் சுற்ற வேண்டும்.

1962-ல் வந்த லோட்டஸ் எலான் இன்ஜினின் வெற்றிட இழுவிசையை நம்பியது. 1968-ன் கார்வெட்டும் அப்படியே. ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு போதும், விளக்கு சரியாக எழாது.

1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி மின்மோட்டார். இங்கே பழுது பார்ப்பவருக்கு முதல் கருவி காதுதான். சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே, வயர்களைப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடியும் விளக்கு அசையவில்லையா? பற்சக்கரமோ இணைப்புக் கம்பியோ தேய்ந்திருக்கும். நடுவழியில் நின்றுவிட்டால், விளக்கை அணைத்து அதன் மோட்டார் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் குமிழைக் கையால் திருகி உயர்த்தலாம்.

2004-ல் லோட்டஸ் எஸ்பிரி, கார்வெட் சி5 இரண்டின் தயாரிப்பும் நின்றது. அத்தோடு இந்த வகை விளக்குகளின் காலமும் முடிந்தது. கையில் தொடங்கிய விளக்கு, பழுதானால் இன்றும் கையைத்தான் தேடுகிறது!