மீன் தொட்டியில் மிதக்கும் தாவரங்கள்: தேர்வு முதல் அகற்றல் வரை

வீட்டு மீன் தொட்டியில் வளரும் மிதக்கும் தாவரங்கள், மீன்களின் கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியா, நைட்ரேட் ஆகியவற்றை உறிஞ்சி, நீரின் தரத்தைக் காக்க உதவுகின்றன. அவற்றின் நிழல் பாசியைக் குறைக்கிறது. தொங்கும் வேர்கள் மீன் குஞ்சுகளுக்கு மறைவிடமாகின்றன. ஆனால், விரைந்து பெருகுவதால் கவனமான பராமரிப்பு அவசியம்.

தேர்வு: சிறிய தொட்டிகளுக்கு அமேசான் ஃபிராக்பிட், ரெட் ரூட் ஃபுளோட்டர் ஆகியவை ஏற்றவை. ஆகாயத் தாமரை அகன்று வளரும் என்பதால், திறந்த பெரிய தொட்டிகளுக்கே பொருந்தும். டக்வீட், சாதகமான சூழலில் சில நாள்களிலேயே இரு மடங்காகும். ஒருமுறை பரவினால் முற்றிலும் நீக்குவது கடினம்.

பராமரிப்பு: நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடக் கூடாது. மூடினால் அடியிலுள்ள செடிகளுக்கு ஒளி கிடைக்காது. இரவில் நீரில் ஆக்சிஜன் குறையும். மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் ஃபைட்டர், கௌராமி மீன்களுக்குத் திறந்த இடம் தேவை. வடிகட்டியின் நீர் இலைகள் மீது விழுந்தால் அவை அழுகும். வாரம் ஒருமுறை மிகுதியை அகற்ற வேண்டும்.

அகற்றல்: அகற்றியவற்றைக் குளத்திலோ கால்வாயிலோ வீசக் கூடாது. தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் சால்வினியா வகைகளுள் ஒன்றான, பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சால்வினியா மொலெஸ்டா, கேரளத்தில் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்ற பெயரில் நெல் வயல்களையும் நீர்வழிகளையும் மூடியது. அதனை உண்ணும் வண்டினம் 1980-களில் அங்கு விடப்பட்ட பின்னரே பரவல் கட்டுக்குள் வந்தது. எனவே, அகற்றிய செடிகளை வெயிலில் நன்கு உலர்த்தி, உரமாக்குவதே பாதுகாப்பானது.